நான் இட்டு நிரப்பிய பெயர்கள்

கல்யாணமான புதிதில் நாங்கள் உப்பளம் என்ற பகுதியில் குடியிருந்தோம். என் கணவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது தானும் பாரீசுக்குத் திரும்பிவிட்ட அவருடைய பழைய பேராசிரியர், பறவைகளின் காலில் மாட்டும் அலுமினிய வளையங்களைத் தபாலில் அனுப்பிவைப்பார். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும் பாரீசு முகவரியும் இருக்கும். அந்தப் பறவை எங்காவது அகப்பட்டால், பிடித்தவர் அந்த முகவரிக்கு எழுதுவார். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று தெரிந்துவிடும்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சின்ன மணல் தீவு. வெயில் ஏறத் தொடங்கும் பங்குனியில், வடக்கே புறப்படுமுன் உள்ளான் என்னும் சின்னக் கரைப்பறவைகள் அங்கே கூட்டமாக மேயும். விடிந்ததும் தோணியில் போவோம். அவர் வலையிலிருந்து பறவையை எடுத்து வளையத்தை மாட்டி, எண்ணையும் அது என்ன பறவை என்பதையும் சொல்வார். நான் நோட்டில் எழுதுவேன்.

ஒருநாள் நெல்லித்தோப்பில் என் அக்கா மகளுக்குக் காது குத்து.

"காது குத்துக்கு சாயங்காலமா போயிக்கலாம். இன்னும் ரெண்டு நாள் போச்சுன்னா ஒரு குருவி இருக்காது, எல்லாம் கெளம்பிடும்" என்றார்.

"எங்க அக்காவ விட உங்களுக்குக் குருவிதான் பெருசா?"

அவர் வலையை எடுத்துக்கொண்டு தோணிக்கு நடந்தார். நானும் பின்னால் போய் ஏறினேன். தீவில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"எழுதிக்கினியா?"

"எழுதிட்டேன்."

எண்களை மட்டும்தான் எழுதினேன். பெயர்களை வீம்புக்கு விட்டுவிட்டேன். மறுநாள் கோபம் தணிந்து நோட்டைத் திறந்தால் பத்து வரிகளில் பெயர் இல்லை. அவரிடம் கேட்க வெட்கம். உள்ளான், கடல்மேல் பறக்கும் ஆலா என்று தோன்றியபடி எழுதி நிரப்பினேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவர் பேராசிரியருக்குப் பட்டியல் அனுப்பினார்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் பேராசிரியரின் கடிதம் வந்தது. வடதேசத்து ஏரிக்கரை ஒன்றில் யாரோ ஒரு பறவையைச் சுட்டு, வளையத்தோடு அதன் இறக்கையையும் அனுப்பியிருந்தார்களாம். உள்ளானின் இறக்கை. எங்கள் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே ஆலா என்று இருந்தது. இத்தகைய தவறு இருக்கும்போது அந்த வருஷத்துப் பட்டியலை ஏற்க முடியாது என்று பேராசிரியர் மரியாதையாகவே எழுதியிருந்தார்.

என் கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "கையில வெச்சிப் பாத்துட்டு எப்பிடி ஆலான்னு சொன்னேன்?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த வாரமே மிச்ச வளையங்களைப் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினார். அடுத்த பங்குனியில் நாங்கள் தீவுக்குப் போகவில்லை. வகுப்பில் பறவைப் பாடம் வந்தால் இன்னொரு வாத்தியாரை எடுக்கச் சொல்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே உடைத்துச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப நான் உள்ளான்னுதான் சொன்னேனா?" என்றார். அவர் முகம் அப்படித் தெளிந்து நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இப்பவாவது உங்க பேராசிரியருக்கு எழுதுங்களேன். நான்தான் தப்பா எழுதினேன்னு சொல்லிடுங்க."

"அவரு தவறிப்போயி ஒரு வருசம் ஆவுது" என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசையத் தொடங்கினார்.