கனடா பாட்டில்

ஜொவிட்டா டீச்சர் மாத்திரையை அட்டையோடு வைத்திருந்து நான் பார்த்ததில்லை. வெளியே போய் வந்ததும் செருப்பைக் கழற்றுவார், முகம் கழுவுவார், பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து ஒரு பழுப்புப் பாட்டிலில் போடுவார். உரித்த அட்டையை நான்காக மடித்து, செய்தித்தாளில் சுற்றி, குப்பைக்கூடையின் அடியில் திணிப்பார். அதன் மேல் வெங்காயத் தோல் விழும். ஆறேழு வருடமாக இதைப் பார்த்து வந்தேன்.

பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. சாந்தோமில் எங்கள் சந்து அவ்வளவு ஒடுக்கம். தி.நகர் கடைகளுக்குச் சேலை ஓரம் அடித்து ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பது என் வேலை. வெளிச்சத்துக்காக ஜன்னலில்தான் மிஷின் போட்டிருக்கிறேன். என் ஜன்னலுக்கு நேரே அவர் ஜன்னல். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டவள் என்பதால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். வாய் பேசாததையெல்லாம் சேர்த்துக் கண் பார்த்துவிடும்.

அந்தப் பாட்டிலில் முதலில் இருந்தது வைட்டமின். டீச்சரின் தம்பி டெரன்ஸ் சாருடைய மகன் ஆஸ்வின் கனடாவிலிருந்து அனுப்பியது. அது எப்போதோ தீர்ந்துபோனது. பாட்டில் மட்டும் ஜன்னல் கட்டையில் நின்றது. வருகிறவர்கள் எல்லாம் ஃபாரின் மருந்து என்றே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கடல்காற்றில் ஓர் அட்டை பறந்து வந்து என் மிஷின் மேல் விழுந்தது. தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற அதே பிரஷர் மாத்திரை. அதைத் திருப்பிக் கொடுக்காமல் துணிக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

டீச்சர் முப்பது வருடம் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொரோனாவில் பள்ளியை மூடியபோது இவரையும் அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கிடையாது. அதன் பிறகு ஐந்து பிள்ளைகளுக்கு டியூஷன், அவ்வளவுதான். ஆனால் கஞ்சி போட்ட காட்டன் சேலை ஒருநாளும் கசங்கியதில்லை. பெண்களுக்குக் காசில்லாத பஸ் வந்து நின்றால் அதைப் போகவிட்டு, டிக்கெட் வாங்குகிற பஸ்ஸுக்குக் காத்து நிற்பார். அதே டீச்சர்தான் சந்தில் எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுப்பவர். விதவைப் பென்ஷன், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, எதுவானாலும் அவர் கையெழுத்தில் போனால் திரும்பி வராது என்பார்கள். ஒருவரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டுக்குச் சேலை கொண்டுபோனேன். வழியில் காய்ச்சல் அதிகமாகி, பக்கத்திலிருந்த கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். எனக்கு நாலு பேருக்கு முன்னால் அந்தக் கஞ்சிச் சேலை. முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். மயிலாப்பூரில் இல்லாத ஆஸ்பத்திரியா? தெரிந்த முகம் வராத இடமாகப் பார்த்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். திரும்பியவர் என்னைப் பார்த்தார். உடனே சுவரில் ஒட்டியிருந்த டெங்கு கொசுப் படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். நான் வரிசையைவிட்டு நழுவி, டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவருக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

டெரன்ஸ் சார் கோடம்பாக்கத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்கு வருவார். டீ மட்டும் சந்து முனை நதீம் கடையிலிருந்து, நதீமே கொண்டுவந்து கொடுப்பான். அந்த ஞாயிறு பேப்பரில் ஆஸ்பத்திரிச் செலவு பற்றி ஏதோ வந்திருந்தது.

"எல்லாத்தையும் கவர்மெண்டே ஓசியில குடுத்தா யாருப்பா வரி கட்டுறது? ஆளாளுக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கட்டும். பிரைவேட்காரன் போட்டி போட்டுக்கிட்டு ரேட்டைக் குறைப்பான்" என்றார் டெரன்ஸ் சார்.

"இன்னா சார் பேசுற நீ?" என்றான் நதீம். "எங்கம்மா நெஞ்சைப் புடிச்சுக்கினு வுழுந்தப்போ எவன் போட்டி போட்டுக்கினு வந்தான்? இன்சூரன்ஸ்காரன் வயசைக் கேட்டுட்டு போனையே வெச்சுட்டான். கவர்மெண்ட் அட்டைலதான் ஸ்டென்ட் வெச்சாங்கோ. அந்த ஃபாரம் எழுதுனதே உங்க அக்காதான்."

"அது பெரிய வைத்தியம், ஒத்துக்கறேன். நான் சொல்றது மாசாமாசம் போயி பிரஷர் மாத்திரை அள்ளிக்கிட்டு வர்ற கூட்டத்தை."

"அதை ஒழுங்கா முழுங்கிக்கினு இருந்தா ஸ்டென்ட்டே தேவைப்படாது சார். டீ ஆறிப் போவுது, மொதல்ல குடி."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"இல்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுத்துத்தான் ஆகணும் டெரன்ஸ், அது அவங்க உரிமை. ஆனா கையில தொழில் இருக்கிறவங்களும் போயி நிக்கிறாங்களே, அதுதான் தப்பு. வீட்டுல மிஷின் வெச்சுத் தைக்கிறா, சம்பாதிக்கிறா, அவளும் வரிசையில நிக்கிறா. அப்போ நெஜமா இல்லாதவங்க பங்கு என்ன ஆகிறது?"

என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார். எங்கள் சந்தில் மிஷின் வைத்துத் தைப்பவள் நான் ஒருத்திதான். ஊசி விரலில் ஏறியது. டெரன்ஸ் சார் எழுந்திருக்கும்போது, "ஆஸ்வின் அனுப்பினதைச் சாப்பிடுறியாக்கா?" என்று கேட்டார். "தினமும்" என்றார் டீச்சர்.

அந்த வாரமே கயல் வந்தாள். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண். எங்கள் சந்துக்குப் புதிதாக வந்திருந்தாள். டீச்சர் வாசலிலேயே நிறுத்தி, "இங்க யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. அந்தப் பக்கம் போ, அவங்களுக்குத்தான் தேவைப்படும்" என்று அனுப்பிவிட்டார். கயல் என் வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரருக்குப் பார்த்து, இரண்டு மாதத்து மாத்திரையைக் கொடுத்தாள். எழுதிக்கொண்டே கேட்டாள்.

"எதிர்வீட்டு டீச்சருக்கு நெஜமா ஒண்ணும் இல்லியாக்கா? கால் வீங்கினாப்ல தெரியுது. பேரைச் சேத்துட்டா மாசாமாசம் நானே கொண்டாந்து குடுப்பேன். யாருக்கும் தெரியாமக்கூடக் குடுக்கலாம்."

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் மானத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவாவது முடிந்திருக்கும். ஆனால் கூடவே, "அவங்களுக்கு எல்லாம் ஃபாரின் மருந்து, உங்க மாத்திரையெல்லாம் தொட மாட்டாங்க" என்றேன். வாய் திறக்கக் கூச்சப்படுகிறவளுக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ. இரண்டு பஸ் மாறிப் போகட்டுமே என்று உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. கயல் நோட்டில் எதையோ அடித்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழையில் டீச்சருக்கு முட்டி வீங்கியது. கோட்டூர்புரம் போவது நின்றது. சேலை மாற்றிக் கிளம்புவார், சந்து முனை வரை போவார், சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார். பிறகு மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டுவதைப் பார்த்தேன். கொஞ்ச நாளில் வெட்டுவதும் நின்றது. காலை வெயில் பழுப்புப் பாட்டிலுக்குள் புகுந்து வெளியே வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

பாட்டில் காலியான நாலாவது நாள் என் வீட்டுக்காரர் மாத்திரையில் பத்தை உரித்துக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் நதீமின் அம்மாவுக்கு ஏதோ மனு எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன நஸ்ரு?" என்றார். அந்தக் குரலுக்கு முன்னால் நான் ஏழாம் வகுப்புப் பெண்தான்.

"வெள்ளை நூல்கண்டு இருக்குமா டீச்சர்?"

"தையல்காரிக்கு நூல் நான் குடுக்கணுமா?" என்று சிரித்து, தேடி எடுத்தும் கொடுத்தார். காகிதப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். நாளைக்கு என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன்.

ஒன்பதாவது நாள் காலையில் பேனா தரையில் விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். டீச்சர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார், வாய் கோணியிருந்தது. கத்தினேன். நதீம் ஓடி வந்து தூக்கி ஓர் ஆட்டோவில் ஏற்ற, நானும் ஏறினேன். நேராகப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். டெரன்ஸ் சார் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு, "பிரஷர் இருந்ததா? மாத்திரை எடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"அக்காவுக்குப் பிரஷரே கிடையாது மேடம். என் பையன் கனடாலேர்ந்து அனுப்பின வைட்டமின் மட்டும்தான்" என்றார் டெரன்ஸ் சார்.

நதீம் தலையாட்டினான். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

"பிரஷர் இருக்குங்க" என்றேன். "ரொம்ப வருஷமா. கவர்மெண்ட் மாத்திரைதான் சாப்பிட்டாங்க. ஒன்பது நாளா அதுவும் இல்ல."

டெரன்ஸ் சார் என்னைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல்லேர்ந்து தெரியும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "ஒன்பது நாளும் பார்த்தீங்களா? பார்த்துக்கிட்டு சும்மாவா இருந்தீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்காக நிற்கவும் இல்லை, உள்ளே போய்விட்டாள். டெரன்ஸ் சார் பெஞ்சில் உட்கார்ந்து, "என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நதீம் போய் அவருக்கு டீ வாங்கி வந்தான்.

பதினேழு நாள் அங்கே வைத்திருந்தார்கள். மருந்து, ஸ்கேன், படுக்கை எதற்கும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. உயிர் பிழைத்தது. வலது கைக்கு அசைவு திரும்பவில்லை, பேச்சும் குழறுகிறது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. கயல் மாதம் ஒரு முறை டீச்சர் வீட்டுக்கு வருகிறாள், நோட்டில் அவர் பெயர் இருக்கிறது. டெரன்ஸ் சாரும் நதீமும் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் அதே சண்டை போடுகிறார்கள். டீச்சர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். மனு எழுதச் சந்தில் ஆள் இல்லை. மாத்திரை அட்டை ஜன்னல் கட்டையில் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கிறது. ஒரு கையால் அதை உரிக்க முடியாததால் தினமும் காலையில் நான் போய் ஒன்று உரித்துக் கொடுத்துவிட்டு வந்து மிஷினில் உட்காருகிறேன். கயலிடம் அன்றைக்கு நான் சொன்னதை டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை.