பேப்பர் நீந்தி வரும் தூரம்

வெளிநாட்டிலிருந்து ஒரு கார் வந்து சேர எவ்வளவு காலம் ஆகும் என்பதை, பாசிர் கூடாங் துறைமுகத்தில் வாலண்டைனைவிடத் துல்லியமாக அறிந்தவர் யாருமில்லை. அதனாலேயே அவர் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.

கார்களை இறக்கி, வரி கட்டி, வெளியே எடுத்துத் தரும் முகவர் அலுவலகம் ஒன்றில் பல வருட வேலை. "கப்பலு ஜப்பான்லேர்ந்து சுருக்கா வந்துரும் பாஸ். பேப்பருதான் நீந்தி வரணும்" என்பார். பெர்மிட், வரி மதிப்பீடு, சோதனை, பதிவு எல்லாம் சேர்த்து மனசு மூன்று மாதம் என்று கணக்குப் போடும். வாய் நான்கு என்று சொல்லும். மூன்றில் வந்துவிட்டால் வாடிக்கையாளர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். நான்கில் வந்தால் திட்டமாட்டார். அந்த ஒரு மாதப் பொய்யின் மேல்தான் அலுவலகத்தின் நாணயமே நின்றது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இதை மட்டும் சேர்த்துக்கொண்டதில்லை.

பளபளக்கும் கார்களாக இறக்கிக் கொடுத்தவர் ஓட்டியது பழைய புரோட்டோன். அதற்கும் முன்னால் ஒரு மஞ்சள் டட்சன் இருந்தது. குளுவாங் கோயிலில் தாலி கட்டி, அமலோற்பவத்தை உலு திராம் வீட்டுக்கு அதில்தான் அழைத்துவந்தார். வழியில் லாயாங் லாயாங் ஊரில் ரயில் கேட் போட்டிருந்ததால் நெடுநேரம் காத்துக்கிடந்தார்கள். இடப்பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. ஒவ்வொரு முறையும் அவர் இறங்கிச் சுற்றிவந்து திறந்துவிட வேண்டும். "ராணியம்மா எறங்குறாங்க, வழி விடுங்க!" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். ராணியம்மா ஒருநாளும் மறுத்ததில்லை.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு அதே கோயிலில் பூசை என்று முடிவானதும், ஜப்பானில் அதே போன்ற மஞ்சள் டட்சனைத் தேடிப் பிடித்தார். அதில்தான் அமலோற்பவத்தைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என்று தீர்மானம்.

"எப்ப வரும்?" என்றார் அமலோற்பவம்.

"மூணு மாசம்."

தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொன்னார். கேட்டவர் வாடிக்கையாளர் இல்லையே. கல்யாண நாளுக்கு அப்போது மூன்று மாதமும் சொச்ச நாளும் இருந்தன.

கப்பல் ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் காரின் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த எண்ணில் ஓர் இலக்கத்தைத் துரு தின்றிருந்தது. ஜப்பானிலிருந்து விளக்கம் வரும்வரை கார் துறைமுக யார்டைவிட்டு நகரக்கூடாது என்றார்கள் சுங்க அதிகாரிகள்.

யார்டைப் பார்த்துக்கொள்ளும் மதிவாணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, கஸ்டமர்கிட்ட நாலுன்னுதானே சொல்வீங்க? வீட்டுல என்னா சொன்னீங்க?"

"மூணு."

"அலமாக்! பொண்டாட்டிகிட்டயா போயி உண்மையச் சொல்றது?"

அமலோற்பவம் கோபப்படவில்லை. "ஊருக்கெல்லாம் கரெக்டாதான் சொல்றீங்க" என்றதோடு சரி.

பூசைக்குப் புரோட்டோனில் போனார்கள். முடிந்ததும் வாலண்டைன் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே துறைமுகத்துக்கு விட்டார். மதிவாணன் இருவரும் யார்டுக்குள் போக அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தார்.

"ஓட்டக்கூடாது அண்ணி, ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. சும்மா உக்காரலாம்."

வரிசையாக நின்ற புதுக் கார்களின் நடுவே டட்சன் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றது. பட்டுச்சேலையோடு அமலோற்பவம் ஏறிக்கொண்டார். எதிரே கன்டெய்னர் சுவர். வாலண்டைன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"லாயாங் லாயாங் தாண்டியாச்சா?" என்றார் அமலோற்பவம், சுவரைப் பார்த்தபடியே.

"கேட்டு போட்டுருக்கான். ரயிலு போவணும்லா."

ரயில் போகிறவரைக்கும் இருவரும் கன்டெய்னர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீளமான ரயில்தான் போலிருக்கிறது. மதிவாணன் தூரத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டினார்.

வாலண்டைன் இறங்கினார். அமலோற்பவம் அசையவில்லை.

"அமலு, இது உள்ளேர்ந்தே தொறக்கும்."

"தெரியும். ஏறும்போதே பாத்துட்டேன்."

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாலண்டைன் காரின் முன்பக்கமாகச் சுற்றி நடந்தார். முழங்கால் வலியில் நடை கொஞ்சம் இழுத்தது.

"மெதுவாவே வாங்க" என்றது உள்ளேயிருந்து குரல்.