அக்கா மறித்த வழி

இரண்டு புதர்களுக்கு நடுவே புல்லுக்குள் பிரிந்து போகும் ஒரு தடம். அதன் வாயை மறித்துக்கொண்டு அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்த கோலம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கம்போடியாவின் வட எல்லையை ஒட்டிய காடு அது. வேன் நின்ற இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்து, இடிந்து கிடக்கும் பழைய கெமர் கோயில் ஒன்றுக்கு வந்திருந்தோம். கோபுரத்தில் பாதி சரிந்துவிட்டது, மீதியை மரத்தின் வேர்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. ஆக்லாந்திலிருந்து போன தமிழர்கள் பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் எதிரே நின்று அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாவது ஆள் நான். நான் திட்டவில்லை, அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். அதற்கு வருகிறேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அவர் கிளிநொச்சிக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் மதுரைக்காரி. இரண்டு பேருக்கும் வீடு ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில், வேலை துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆல்பனியில், அதுவும் ஒரே கட்டடம். மூன்றாம் மாடியில் உட்கார்ந்து நான் மென்பொருளைச் சோதிக்கிறேன். அந்த மாடியைத் துடைத்துச் சுத்தம் செய்வது அவர் வேலை. என் காரில்தான் சேர்ந்து போவோம். பாலத்து நெரிசலில் நகராமல் நிற்கும் நேரங்களில்தான் அவர் தன் பழைய வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். போர் முடிந்த பிறகு ஏழு வருடம் வன்னியில் மிதிவெடி அகற்றியவர். ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு பக்கமும் முளைக்குச்சி அடித்து, அதற்குள் முழந்தாளிட்டு, புல்லைக் கத்தரியால் நறுக்கி, உலோகம் காட்டும் கருவியை வைத்துப் பார்த்து, சத்தம் கேட்டால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். நாள் முழுக்கச் செய்தாலும் நாலு பாய் விரிக்கிற இடம் முன்னேறினால் பெரிய விஷயமாம். கூட வேலை செய்த ஒருத்தி, மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் குச்சிக்கு வெளியே ஒரே ஓர் எட்டு வைத்தாள். முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

ஆக்லாந்தில் அவர் புல்லில் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. எங்கே பார்த்தாலும் பச்சைப் பசேலென்று கிடக்கும் இந்த ஊரில், பூங்காவுக்குப் போனாலும் சிமெண்ட் பாதையை விட்டு இறங்க மாட்டார். நான் கேலி செய்வேன். "இது நியூசிலாந்து அக்கா. தோண்டிப் பாத்தா மண்புழுதான் இருக்கும்."

"ஓம், எனக்குத் தெரியும். என்ர காலுக்குத் தெரியேல்லையே" என்பார்.

அப்படிப்பட்டவரைக் கம்போடியாவுக்குக் கூப்பிட்டது நான்தான். ஒரு தமிழ்ச் சங்கம் ஏற்பாடு செய்த சுற்றுலா அது. சங்கத் தலைவர் ஆக்லாந்திலிருந்தே ஒரு துணிப் பதாகை அடித்துக் கொண்டுவந்திருந்தார்: 'தமிழன் கட்டிய கோயில்'. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. எழுத்தும் சாமியும் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து போயிருக்கலாம். கல்லை வெட்டியதும் சுமந்ததும் அடுக்கியதும் அந்த ஊர்க்காரர்கள். வழிகாட்டியாக வந்த கெமர் பெண், துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆர்வமாகக் கேட்டாள். தலைவர் உட்பட ஒருவரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

பழைய உள்நாட்டுப் போரில் புதைத்த வெடிகள் இருக்கலாம், பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று அவள் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் கோயில் காவலாளியைப் பார்க்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் தலைவர் கண்ணில் ஒரு சின்னச் சன்னதி பட்டது. இருபதடி தூரம் இருக்கும். வாசலுக்கு மேலே அழகான சிற்பம், பதாகையோடு படம் எடுக்க ஏற்ற இடம். நடுவில் இடுப்பளவு புல். அவர் மனைவி முதல் ஆளாக ஒரு காலைப் புல்லுக்குள் வைத்தார். அக்கா அவருடைய முதுகுப் பையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அந்தம்மா பாதையில் பொத்தென்று விழுந்தார். அடுத்த நொடி அக்கா அந்தத் தடத்தின் வாயில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, சண்டை முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு? எல்லாம் எப்பவோ கிளீன் பண்ணிட்டாங்க. நெட்லயே போட்டிருக்கு" என்றார் தலைவர்.

அக்கா புல்லுக்குள் கையைக் காட்டினார். சாய்ந்து கிடந்த ஒரு குச்சி, அதன் நுனியில் வெளிறிப்போன சிவப்பு, வெடி நிலத்துக்கு எல்லையாக அடிக்கும் குச்சியின் நிறம். "அந்தத் தடியைப் பாருங்கோ அண்ணை. அதுக்கு அங்கால ஆர் துப்புரவாக்கினது எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?"

"நம்ம ஆளுங்க கட்டின கோயிலுக்குள்ள போறதுக்கு உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"ஆர் கட்டினதெண்டு பிறகு கதைப்பம். இஞ்ச ஆரின்ர கால் போனது எண்டு முதல்ல கேளுங்கோ. நான் எழும்ப மாட்டன்."

ஆளாளுக்குக் கத்தினார்கள். அப்போதுதான் நான் அதைச் செய்தேன். குனிந்து, அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "எந்திரிங்க அக்கா. எல்லாரும் பாக்குறாங்க, மானம் போகுது." ஏழு வருடக் கதையையும் கேட்ட ஒரே ஆள் நான். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீரும் உதுக்குள்ள போகப் போறீரோ?" கேட்ட குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே பயந்திருந்தார். நான் கையை விட்டேன். ஆனால் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்திருக்க வேண்டும்.

வழிகாட்டி திரும்பி வந்ததும் அந்தக் குச்சியை வெகுநேரம் பார்த்தாள். வெடி இருக்கிறதா இல்லையா என்று தலைவர் கேட்டார். "எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் பாதை போட்டிருக்கிறோம்" என்றாள். பதாகை விரிக்கப்படாமலே வேனுக்குத் திரும்பியது. அக்காவுக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

ஆக்லாந்து திரும்பிய பிறகு அது சிரிப்புக் கதையாகிவிட்டது. 'பாம் அக்கா' என்று பட்டப்பெயர். பிறந்தநாள் விருந்துகளில் தலைவர் அவரைப் போலவே சம்மணம் போட்டு நடித்துக் காட்டினார். கடைசியில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஒன்னும் வெடிக்கலையே? கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை வரை எரியும். ஒன்றும் வெடிக்காமல் இருக்கத்தானே அந்த மனுஷி ஏழு வருடம் வெயிலில் முழந்தாளிட்டுக் கிடந்தார்? வெடித்திருந்தால் நம்புவீர்கள், வெடிக்காமல் காப்பாற்றினால் பைத்தியக்காரியா?

போன மாதம் இரண்டாவது பயணத்துக்கான கூட்டம், எங்கள் பகுதி மண்டபத்தில். அதே கோயில். இம்முறை ஒரு படிவம் கொடுத்தார்கள்: பயணத்தில் தலைவரின் முடிவுக்குக் கட்டுப்படுவேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அது யாருக்காக எழுதப்பட்டது என்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அக்கா வரவில்லை. வேலையிருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான் படிவத்தை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"பதினாலு பேர் போனோம். இருபத்தெட்டுக் காலோட திரும்பி வந்தோம். அன்னைக்கு அவங்க கையப் பிடிச்சு இழுத்தது நான். அதுக்கு இன்னைக்கும் வெக்கப்படுறேன். அக்கா வேணாம்னா விட்டுருங்க. ஆனா அவங்க இல்லாம, அன்னைக்கு அவங்க மறிச்ச அந்தப் புல்லுக்குள்ள இறங்கி நடக்க யாரெல்லாம் தயார்? கையத் தூக்குங்க."

தலைவர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.