நிரோஜாவின் கையிலிருந்த விளக்கு

அக்கா வயதுக்கு வந்து பெரியபிள்ளையானபோது எனக்கு ஒன்பது வயது. லண்டன் பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த சின்ன வீட்டில் அந்தச் செய்தி தேர்தல் முடிவைப் போலக் கொண்டாடப்பட்டது. ஹவுன்ஸ்லோவிலிருந்து பெரியம்மா அன்று பின்னேரமே வந்து இறங்கினார். மண்டபம் எது, ஐயர் யார், வீடியோக்காரர் யார் என்று அவரும் அம்மாவும் தீர்மானித்துக்கொண்டிருக்க, அக்கா மேல்மாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, இனி எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது என்று அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கடைசியில் ஒரேயொரு நிபந்தனையோடு சம்மதித்தாள். விளக்கேந்தி முன்னால் வரும் பிள்ளைகளில் அவளுடைய பள்ளித்தோழி நிரோஜாவும் இருக்க வேண்டும்.

அதில் என்ன இருக்கிறது என்றார் அம்மா. நிரோஜா எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரித்தான். அவளுடைய தகப்பன் போரில் போய்விட்டார். தாய் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து அவர் வரும்வரை நிரோஜா எங்களோடுதான் இருப்பாள், எங்களோடுதான் சாப்பிடுவாள். அவளுடைய தாயை நாங்கள் அன்ரி என்று கூப்பிடுவோம். மகளைக் கூட்டிப்போக வரும்போது வாய்ப்பனோ பகோடாவோ கொண்டுவந்து என் வாயில் ஒன்றைத் திணித்துவிட்டுத்தான் மிச்சத்தை அம்மாவிடம் கொடுப்பார். நிரோஜாவைத் தன் மூன்றாவது பிள்ளை என்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவார்.

பாவாடை சட்டைக்கு அளவெடுக்க வந்த அன்றுதான் பெரியம்மா நிரோஜாவை முதன்முதலாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவளுடைய தலையைத் தடவி, கன்னத்தைக் கிள்ளி, ஊர் எது என்று கேட்டார்.

"கிளிநொச்சி" என்றாள் நிரோஜா.

"அது சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து போயிருப்பியள் பிள்ளை. அதுக்கு முந்தி?"

நிரோஜா ஒரு ஊரின் பெயரைச் சொன்னாள். அந்த ஊரில் எவடம், எந்தக் கோயிலடி, அம்மப்பாவின் பெயர் என்ன என்று பெரியம்மா அடுத்தடுத்துக் கேட்டார். நிரோஜா தெரிந்ததை எல்லாம் ஆசையோடு சொன்னாள். ஊரைப் பற்றி அவளிடம் யாரும் அவ்வளவு விருப்பமாக விசாரித்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் கதவு சாத்தப்பட்டது. உள்ளே பெரியம்மாவின் குரல் மட்டும் கேட்டது. 

சடங்கு நாள் வந்தது. ஒரே நிறப் பட்டுப் பாவாடையில் நாங்கள் எட்டுப் பேர் மண்டபத்தின் பின்வாசலில் சோடி சோடியாக நின்றோம். என் சோடி நிரோஜா. உயரம் பொருந்தவில்லை என்று வீடியோக்காரர் முணுமுணுத்தும் நான் அவளுடைய பக்கத்தைவிட்டு நகரவில்லை. மேளம் தொடங்குகிற நேரம் அம்மா அவசரமாக வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். நிரோஜாவின் கையிலிருந்த விளக்கை மெதுவாக வாங்கி, ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்திருந்த யாரோ ஒரு பிள்ளையிடம் கொடுத்தார்.

"நீங்கள் போய் அம்மாவோட இருங்கோ குஞ்சு. ஆக்கள் கூடிப்போச்சு."

ஆட்கள் கூடவில்லை. அப்போதும் நாங்கள் எட்டுப் பேர்தான். எனக்கு எண்ணத் தெரியும். நிரோஜாவுக்கும் தெரியும். விளக்குப் பிடித்த மாதிரியே கைகளை நீட்டியபடி அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு திரும்பிப் போனாள். பட்டுப் பாவாடை சரசரவென்று சத்தம் போட்டது.

நான் அழுதுகொண்டு அலங்கார அறைக்கு ஓடினேன். நகையெல்லாம் பூட்டி, தலைநிறையப் பூ வைத்து, அக்கா தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கதிரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நிரோஜா வராட்டி நான் வெளியில வரமாட்டன்."

அம்மா கெஞ்சினார். பெரியம்மா அதட்டினார். ஐயர் நல்ல நேரம் போகிறது என்று ஆள் அனுப்பினார். பெரியப்பாவும் அப்பாவும் உள்ளே வந்தார்கள். யாரும் காரணத்தைச் சொல்லவில்லை. எல்லோரும் 'அது' என்றார்கள். அது இப்போது வேண்டாம், அதைப் பிறகு பார்ப்போம், அது உனக்கு விளங்காது.

மூலையில் எங்கள் மச்சாள் நின்றாள். அம்மாவின் தமையனுடைய மகள். விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள், அங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துத் தமிழில் கேட்டாள்.

"மாமி, இது சாதிப் பிரச்சினையோ?"

 சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார் அம்மா. பெரியம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். ஒரு பிள்ளையின் கையிலிருந்து விளக்கைப் பறித்தபோது திடுக்கிடாதவர்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குத் திடுக்கிட்டுப் போனார்கள். நானும் பயந்தேன். அது ஏதோ தூஷணம் என்று நினைத்தேன்.

"லண்டனில ஆர் பிள்ளை சாதி பாக்கினம்?" என்றார் பெரியப்பா. "அதெல்லாம் ஊரோட போச்சு." அதே மூச்சில், "எண்டாலும் நாலு சனம் வந்திருக்கிற இடம். நாளைக்கு உவளுக்குக் கலியாணம் பேச வரேக்க கதை வரும்" என்றார்.

"அமெரிக்காவில நாங்கள் இதைப் பற்றிக் கூட்டம் வைச்சுக் கதைக்கிறம் மாமா. சட்டம் வேணும் எண்டு கேக்கினம். நீங்கள் அந்தச் சொல்லைக்கூடச் சொல்ல மாட்டியள்."

"அங்க கதைச்சா அங்க வைச்சிரு. எங்கட வீட்டுக்குள்ள கொண்டு வராத."

"நான் கொண்டு வரேல்ல. அது இங்க முதலே இருக்கு."

நான் அப்பாவைப் பார்த்தேன். பாராளுமன்றத்துக்கு முன்னால் நடந்த ஊர்வலங்களுக்கு அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். சம உரிமை வேண்டும் என்று அவர் கத்தும்போது அவருடைய தோள் அதிர்வது என் கால்களில் தெரியும். அந்த அப்பா இப்போது ஏதாவது சொல்லுவார் என்று நம்பினேன். அவர் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா" என்றாள் அக்கா.  பூவும் நகையுமாக நிமிர்ந்து அவருடைய முகத்தையே பார்த்தாள்.

அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நான் விளக்கை வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். மண்டபத்துக்குள் அவர்கள் இல்லை. தெருமுனையிலிருந்த பஸ் நிறுத்தத்தில் நிரோஜாவும் அன்ரியும் நின்றார்கள். பட்டுப் பாவாடை தெரியாதபடி தன்னுடைய கோட்டை நிரோஜாவுக்குப் போட்டு, கடைசிப் பொத்தான்வரை பூட்டியிருந்தார் அன்ரி. கையில் ஒரு பெரிய தகரப்பேணி. அக்காவின் சடங்குக்கென்று அவர் சுட்ட பயற்றம் பணியாரம் அதற்குள் இருந்தது. அதை யாரும் வாங்கி வைக்கவில்லை.

"வாங்கோ தங்கச்சி. பிள்ளை உங்களைக் கேட்டு அழுறாள்" என்றார் அப்பா. அவருக்கு மூச்சு வாங்கியது.

அன்ரி சாதாரணமாகத்தான் பேசினார்.

"நேரம் போகுது அண்ணை, நீங்கள் உள்ள போங்கோ. ஐயர் பாத்துக்கொண்டிருப்பார். நாங்கள் இப்ப வந்தா உங்களுக்குத்தான் கரைச்சல்."

"எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"இருக்கு அண்ணை. எனக்குத் தெரியும்."

நிரோஜா என்னைப் பார்க்கவில்லை. நான் பேணியைப் பார்த்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எனக்குப் பணியாரத்தின் வாசம் மூக்கில் ஏறியது. அன்ரி என் பார்வையைக் கண்டுகொண்டார். மூடியைத் திறந்து ஒன்றை எடுத்தார். என் வாய்வரை வந்த அந்தக் கை நின்றது. அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"குடுக்கலாமோ அண்ணை?"

அப்பா அன்ரியின் கையிலிருந்ததை வாங்கி எனக்குத் தந்துவிட்டு, பேணிக்குள் கைவிட்டுத் தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.  பஸ் வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள்.

நாங்கள் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னதும் அக்கா எழுந்தாள். விளக்கு வரிசையில் என் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, நிரோஜாவின் இடம் வெறுமையாகவே வரவேண்டும் என்றாள். பெரியம்மா வாய் திறந்தபோது, "அப்படியே விடுங்கோ" என்றார் அப்பா. அன்று அவர் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான். ஏழு விளக்குகளோடு அக்கா மண்டபத்துக்குள் போனாள். சடங்குப் பட ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள், என் சோடிப் பிள்ளை பாத்ரூமுக்குப் போய்விட்டதா என்று இன்றைக்கும் கேட்பார்கள்.

நிரோஜா அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அக்காவோடு பேசினாள் என்றும் பேசவில்லை என்றும் அக்கா ஒருநாளும் சொன்னதில்லை.

சடங்கு நாளன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் அம்மாவிடம் பேசாமல் உள்ளே போய்விட்டார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது.

"அம்மா, அன்ரி கோவிக்கேல்ல" என்றேன். "பணியாரம்கூடத் தந்தவா. சாப்பாட்டு நேரம் எண்டபடியா, குடுக்கலாமோ எண்டு முதல் அப்பாட்டைக் கேட்டிட்டுத்தான் தந்தவா. நல்ல அன்ரி என்ன?"

அம்மா ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்தார். உடம்பு குலுங்கியது, சத்தம் வரவில்லை. நாள் முழுக்க நின்றதில் கால் நோகிறது என்று நினைத்து, நான் குசினிக்குள் தைலம் எடுக்க ஓடினேன்.