வேண்டாம் என்று நான் சொன்ன மாணவி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை. அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு கல்லூரி பஸ் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் இறங்கினார்கள். மருத்துவக் கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்த முதலாம் ஆண்டு மாணவர்கள். ஆளுக்குச் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, அடிக்கடி வந்து நலம் விசாரிக்க வேண்டுமாம். அதுவும் பாடம்தானாம்.

பதினோரு மாதப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன். தலைப்பிள்ளை. அவள் தும்மினாலே செல்போனில் காரணம் தேடுகிற ஆள் நான். என் சந்தேகங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதியிருந்தேன். ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டு அடித்திருந்தேன்: 'கூப்பிட்டால் திரும்புவதில்லை.' அதைச் சொன்னபோது மாமியார் சிரித்துவிட்டார். "உன் புருசன் மட்டும் கூப்பிட்டா திரும்புறானாக்கும்!"

மாணவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். எல்லாம் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இருந்தவள் ஒருத்திதான், சென்னைப் பெண். ஒருவன் நீலகிரித் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன். இன்னொருவர் நான்கு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். ராஜஸ்தான் பையன் "தமிழ் கொஞ்சம் கொஞ்சம்" என்றதும், "எங்களுக்கு இந்தி அதுவும் இல்ல தம்பி" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. கடைசியாக ஓர் ஒல்லிப் பெண். "வேப்பந்தட்டை பக்கம். கவர்மெண்ட் ஸ்கூல். அப்பா டெய்லர்." அவ்வளவுதான் சொன்னாள்.

எங்கள் வீட்டுக்கு அவளைத்தான் போட்டார்கள். "மேடம், குழந்தை இருக்குற வீடுங்க. கொஞ்சம் விவரமான பொண்ணா, அந்தச் சென்னைப் பொண்ணை அனுப்புங்களேன்" என்று அவர்களைக் கூட்டிவந்த ஆசிரியையிடம் கேட்டேன். அந்த ஒல்லிப் பெண் பக்கத்தில்தான் நின்றாள். மேடம் மாற்றவில்லை.

வீட்டில் நோட்டை எடுத்து வாசித்தேன். எதைக் கேட்டாலும், "தெரியலக்கா, மேடத்துகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போது குக்கர் விசில் அடித்தது. நான் எழுந்தேன். அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த விசிலுக்கும் அப்படியே. பிறகு குழந்தையின் முதுகுப் பக்கம் போய், டம்ளரைக் கரண்டியால் தட்டினாள். குழந்தை திரும்பவில்லை. பக்கவாட்டில் கையை மட்டும் ஆட்டினாள். உடனே திரும்பிச் சிரித்தது.

பாயில் விரிந்து கிடந்த நோட்டைப் பார்த்து, "இதை ஏன்க்கா அடிச்சீங்க?" என்றாள்.

நான் நோட்டை எடுத்து மூடினேன்.

"நான் டாக்டர் இல்லக்கா. இன்னும் எலும்புப் பேரே முழுசா தெரியாது. ஆனா எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே காது கேக்காது. குக்கர் கத்துனா அவங்களும் இப்படித்தான் இருப்பாங்க. பாப்பாவை திங்கக்கிழமை எங்க ஆஸ்பத்திரில ஒருதடவை காட்டிடலாம்க்கா."

"எங்க குடும்பத்துல யாருக்கும் அப்படியெல்லாம் இல்ல!" என்று கத்திவிட்டேன்.

"ஒண்ணும் இல்லைன்னா நல்லதுதான்க்கா. அப்புறம் வந்து என்னைத் திட்டிக்குங்க."

அன்று ராத்திரிதான் ஞாபகம் வந்தது. பிரசவம் ஆனபோதே குழந்தைக்குக் காது பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தீட்டுக் கழியட்டும் என்று வீட்டில் சொன்னார்கள், சரி என்றேன். அப்புறம் நானே மறந்துபோனேன். எல்லாவற்றுக்கும் பயந்தவள், பயப்பட வேண்டிய ஒன்றை அடித்து வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் அவள் காத்திருந்தாள். கூடவே நர்ஸாக இருந்தவரும் சென்னைப் பெண்ணும். ஒருவர் பரிசோதனையைப் புரியும்படி விளக்கினார். மற்றவள் மேற்கொண்டு எங்கே போக வேண்டும் என்று டாக்டரான தன் அம்மாவிடம் போனில் கேட்டுச் சொன்னாள். என் பெண்ணுக்கு இரண்டு காதுமே கேட்கவில்லை. இந்த வயதிலேயே கண்டுபிடித்தது நல்லது என்றார் டாக்டர். அரசுக் காப்பீட்டில், காதுக்குள் கேட்கும் கருவி வைக்கிற ஆபரேஷன் நடந்தது. பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி.

இப்போது குக்கர் விசில் அடித்தால் என் பெண் "அம்மா, கத்துது!" என்று ஓடிவந்து என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். அந்த டெய்லர் மகள் இன்னமும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அன்று வேண்டாம் என்றதற்கு நான் மன்னிப்புக் கேட்டபோது, "அதை விடுங்கக்கா, எங்க அப்பா அம்மாவைப் பாத்து வளந்ததாலதான எனக்குத் தெரிஞ்சுது, கண்டுபிடிச்சது அவங்கதான்" என்றாள்.

ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, யார் விவரமானவர் என்று நான் இப்போது தேடுவதில்லை. எந்த வீட்டிலிருந்து எதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்களோ என்று ஒவ்வொரு முகத்தையும் மரியாதையோடு பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.