நான் மாற்றி வைத்த இரண்டு கதவுகள்

சுதாவின் புரோகிராமில் எந்தப் பிழையும் இல்லை. அந்த இரண்டு கதவுகளின் எண்களை மாற்றி வைத்தவன் நான்.

இதைச் சொல்ல வேண்டியது அவரிடம். சொல்லிக்கொண்டிருப்பதோ உங்களிடம்... உங்களுக்கு என் முகம் தெரியாது என்பதால்தான் இந்தத் துணிச்சல் என்று நினைத்தால், அதுவும் உண்மைதான்.

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். கோவையில் ஓர் அலுவலகத்தில் வேலை. வெளிநாட்டில் எழும்பப்போகும் கட்டடங்களை, அவை எழும்புவதற்கு முன்பே கணினிக்குள் முழுதாகக் கட்டிக்கொடுக்கும் அலுவலகம் அது. சுவர், குழாய், கதவு என்று எல்லாம் அதற்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

வரைபடங்களைப் பிரிண்ட் எடுக்கிறவனாகத்தான் அங்கே சேர்ந்தேன். காகித வேலை குறைந்தபோது, முதலாளி என்னை அனுப்பிவிடாமல் ஒரு கணினியின் முன் உட்கார வைத்தார். ஒரு கதவின் மேல் அம்புக்குறியை வைக்க வேண்டும், எண்ணைத் தட்ட வேண்டும், அடுத்த கதவுக்குப் போக வேண்டும். ஒரு மருத்துவமனை என்றால் ஆயிரத்துக்கும் மேல் கதவுகள். அங்கே யாராவது ஒரு சுவரைத் தள்ளி வைத்தால், இங்கே பாதி எண்களை மறுபடி தட்ட வேண்டும்.

தட்டி முடித்த பின் சரிபார்ப்பு. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்து, எந்த அறைக் கதவுக்கு எந்த எண் என்று நான் படிப்பேன். பக்கத்து நாற்காலியில் பரிமளா அந்தக் கதவில் அந்த எண் இருக்கிறதா என்று திரையில் பார்த்து, "இருக்குதுங்ண்ணா" என்பாள். அடுத்த எண். "இருக்குதுங்ண்ணா." ஆயிரம் கதவுகளுக்கு ஆயிரம் தடவை.

இதிலென்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

சோமனூரில் எனக்கு வீடு. இருபக்கமும் தறிகள் ஓடும். அம்மா போன பிறகு அந்த வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. பெண் தேடினார்கள், அமையவில்லை, பிறகு தேடுவதையும் விட்டுவிட்டார்கள். நான் நாலு பேரிடம் கலகலவென்று பேசத் தெரிந்தவனும் இல்லை. என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுவார். ஆனால் எண்களைப் படிக்க யோசிக்க வேண்டியதில்லையே! நான் ஒன்று சொன்னால் இன்னொரு மனிதக் குரல் பதில் சொன்னது. அவ்வளவுதான்... அவ்வளவேதான்.

பரிமளாமேல் எனக்கு வேறு எண்ணம் இருந்ததா? அவள் கல்யாணமானவள், என்னை அண்ணா என்றவள். இல்லை என்றுதான் எழுத நினைக்கிறேன். அந்தச் சொல்லை முழு மனதோடு எழுத வரவில்லை.

"நாள் பூரா கதவாத் தட்டறீங்கண்ணா, ஒருத்தருமே தொறக்க மாட்டீங்கறாங்க" என்று ஒருமுறை கேலி செய்தாள். அன்று பேருந்தில் அதை நினைத்துச் சிரித்தபோது, பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு எஞ்சினியர் சுதா வந்தார். முப்பது வயதிருக்கும். நான் மூன்று நாள் தட்டும் எண்களை இரண்டு நிமிடத்தில் போட்டுவிடும் ஒரு புரோகிராமை எழுதினார். என்னைத் துரத்த அல்ல. பரிமளா டிப்ளமோ படித்தவள். இந்த வேலையிலிருந்து விடுபட்டால் அவளுக்குக் கட்டடம் வரையக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருந்தார். என்னை மறுபடி பிரிண்ட் பக்கம் வைத்துக்கொள்வதாக முதலாளியும் சொன்னார். மூன்று கட்டடங்களில் ஒரு பிழையும் இல்லாமல் வந்தால், படித்துப் பார்க்கும் வேலையே இனி வேண்டாம் என்று முடிவானது.

பரிமளா ஒரு புது நோட்டு வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். எனக்கும் காட்டினாள்.

முதல் கட்டடம் சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அன்று, புரோகிராமை ஓட்டிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிய சுதா, தன் கணினியிலிருந்தே பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் போனார். அவ்வளவு நம்பிக்கை என்மேல்!

எல்லோரும் சாப்பாட்டு அறையில் இருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் நானூற்றுப் பன்னிரண்டை நானூற்று இருபத்தொன்று ஆக்கினேன். நானூற்று இருபத்தொன்றை நானூற்றுப் பன்னிரண்டு ஆக்கினேன். விரல்கள் தாமாகவே தட்டின. எத்தனை வருடப் பழக்கம்...

மதியம் பட்டியலைப் படித்தேன். அந்த எண் வந்தபோதும் குரலை மாற்றாமல் படித்தேன். பரிமளா அந்தக் கதவைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இல்லீங்களேண்ணா" என்றாள்.

நான் பட்டியலை இன்னொரு முறை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

முதலாளி சத்தம் போடும் ஆள் இல்லை. "ரெண்டு கதவுன்னாலும் தப்பு தப்புத்தானுங்க சுதா. ஆபரேசன் ரூம் கதவு ஸ்டோர் ரூமுக்குப் போயிருந்தா நாம யாருக்குப் பதில் சொல்றது? பழையபடியே கையிலயே தட்டிப் படிச்சுப் பாத்துரட்டும்" என்றார். அத்தோடு முடிந்தது.

சுதாவுக்கு மட்டும் அது முடியவில்லை. வேறு வேலைகளுக்கு நடுவே அந்தப் பிழையைத் தேடினார். மறுபடி மறுபடி ஓட்டினார், ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது. சரியாக வரவர அவர் முகம் வாடியது. யார் கடைசியாக மாற்றினார்கள் என்று கணினி குறித்து வைக்குமாம். அதைப் பார்த்தபோதும் அவர் பெயர்தான் இருந்தது. அவர் கணினியில் அல்லவா நான் செய்திருந்தேன்!

ஒருநாள் என்னிடம் வந்து கேட்டார். "அண்ணா, அன்னைக்குப் பிரிண்ட் எடுக்கறப்போ ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

எண்களை மாற்றியதைவிட இதுதான் பெரிய பாவம். மாற்றும்போது அவர் முகம் என் எதிரில் இல்லை. இதைச் சொல்லும்போது இருந்தது.

சில மாதங்களில் சுதா வேலையை விட்டுப் போனார். பரிமளா என் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தாள். நான் விரும்பியது கிடைத்தது... ஆனால் "இருக்குதுங்ண்ணா" வெறும் "இருக்கு" ஆனது, பிறகு "ம்" ஆனது. அந்த மஞ்சள் நோட்டில் தப்பான கதவு எண்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். மறு வருடம் வெளிநாட்டுக்காரர்களே வேறொரு புரோகிராமைக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குள் அவள் பெருந்துறையில் ஒரு மில் அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தாள். இப்போது நான் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் பரிமளாவைப் பார்த்தேன். அவளே ஓடிவந்து பேசினாள். சுதா வேறு ஊரில் பெரிய கம்பெனியில் இருப்பதாகச் சொன்னாள்.

"ஆனா இன்னமும் புரோகிராம் ஓட்டி முடிச்சதும் ஒவ்வொரு கதவையும் ஒருக்காக் கண்ணால பாத்துப்போட்டுத்தான் அனுப்புவாங்களாம்ணா. அந்த ரெண்டு கதவு எப்படித் தப்பாச்சுன்னு தெரியற வரைக்கும் தன்னையே நம்ப முடியலீங்கறாங்க."

என் வாய் திறந்தது. "அப்படிங்களா அம்மணி" என்றேன். அதற்குள் அவள் பேருந்து வந்துவிட்டது.

சுதாவின் எண்ணை என் கைபேசியில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினாள். ஒரு தட்டு தட்டினால் போதும். தட்டவில்லை.

இந்நேரம் எங்கோ ஒரு திரையின் முன், சரியாக இருக்கும் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார் சுதா. இருக்குதுங்க என்று சொல்ல அவர் பக்கத்தில் யாருமில்லை.