வெள்ளைத் திரை பார்த்தவர்

தேக்காவில் இருக்கும் என் தையல் கடைக்கு, சட்டையைச் சின்னதாக்க வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது.

காத்திருந்தபோது மடிக்கணினியில் என் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்து, அதன் அமைப்பில் ஏதோ ஒன்றை அணைத்தார். ரவிக்கைப் படங்கள், முகவரி எல்லாம் போய், திரை வெள்ளையாக நின்றது. யார் பக்கத்தையும் முதலில் இப்படிப் பார்ப்பதுதான் அவர் பழக்கமாம்.

“பிரவுசரே பக்கத்தைக் கட்டுற வேலையைத்தான் அணைச்சேன் அக்கா. நாம திறந்தா, அது கட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கோம். தேடல் தளங்கள் அனுப்புற ரோபோ பலதும் அவ்வளவு நேரம் நிக்காது. அதுக்கு உங்க கடை காலிதான்.”

பக்கத்தை வைத்திருக்கும் சர்வர் கணினியே முழுப் பக்கத்தையும் எழுதி அனுப்பும்படி அவரே மாற்றித் தந்தார். அதன்பின் தீவின் மேற்கே இருக்கும் கிளமெண்டியிலிருந்துகூட ஆட்கள் இணையத்தில் தேடிப் பார்த்து வந்தார்கள்.

அந்த வேலை முடிந்த பிறகும் ஞாயிறுதோறும், தீவின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் பொங்கோலிலிருந்து ரயிலேறி வந்தார். அதே போல அணைத்துப் பார்ப்பார். எழுத்தெல்லாம் அப்படியே நிற்கும். “இருக்கு அக்கா” என்பார். பிறகு நான் கொக்கி தைப்பதைப் பார்த்தபடி கடை மூடும்வரை உட்கார்ந்திருப்பார்.

“இதை வீட்லேருந்தே பாக்கலாம்ல, தம்பி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பாக்கலாம்” என்றார். மடிக்கணினியை மூடிக்கொண்டே, “பாத்துட்டு யார்கிட்ட சொல்றது, இருக்குன்னு?” என்றார்.

இப்போது அவர் வருவதில்லை. வேலை மாறி எந்த ஊருக்குப் போனாரோ தெரியவில்லை. ஞாயிறன்று, அவர் சொல்லிக்கொடுத்தபடி நானே அணைத்துப் பார்க்கிறேன். எழுத்தெல்லாம் நிற்கிறது. வெளியே தெரு நிறையக் கூட்டம். காலி நாற்காலியைப் பார்த்து, “இருக்கு தம்பி” என்கிறேன்.